சிட்னியா, அடிலெய்டா, அர்மிடேலா: மூன்று கடிதங்களும் ஒரு வாரத்தின் மணிக்கணக்கும்

பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன மாதம் மூன்று கடிதங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். மூன்றும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் கடிதங்கள். ஒன்று சிட்னியில், கென்சிங்டனில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். அடுத்தது அடிலெய்டு பல்கலைக்கழகம். மூன்றாவது, அவன் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த அர்மிடேல் என்ற மலையூரின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகம். மூன்றுமே கணினி சார்ந்த இரண்டு வருட முதுநிலைப் படிப்பு.

"அண்ணா, எதற்குப் பணம் கட்டட்டும்? அப்பா தரவரிசையைப் பார்த்துவிட்டுச் சிட்னிதான் என்கிறார். ஏஜென்ட் அடிலெய்டு என்கிறார். அர்மிடேலைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை."

நான் 2022 முதல் 2024 வரை கென்சிங்டனில் படித்தேன். குடியிருந்தது வெஸ்ட்மீடில். படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்து அடிலெய்டுக்கு வந்தவன், இங்கேயே இருக்கிறேன். அர்மிடேலில் நண்பர் ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். இரண்டு முறை போய் அவர் அறையில் தங்கியிருக்கிறேன். ஆகவே நான் நடுநிலையாளன் அல்ல. மூன்று ஊரிலும் குளிரில் நடுங்கியவன், அவ்வளவுதான்.

சித்தப்பாவின் தரவரிசையை முதலில் தீர்த்துவிடலாம். கென்சிங்டன் பல்கலைக்கழகம் உலகப் பட்டியல்களில் உயரத்தில் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியையும் பெயரையும் அளக்கின்றன. வியாழக்கிழமை மாலை டுடோரியலில் இருபத்தைந்து பேருக்கு நடுவில் நம் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பதை எந்தப் பட்டியலும் அளப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கு வருகிறவர் பட்டியலைப் பார்க்கட்டும். அதைவிட, வழிகாட்டப் போகும் பேராசிரியரைப் பார்க்கட்டும். இரண்டு வருட முதுநிலைக்கு வருகிறவர் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் எத்தனையை ரயிலும், எத்தனையை வேலையும், எத்தனையை வீட்டு வாடகைக் கவலையும் தின்னப் போகின்றன என்பதே அந்தக் கணக்கு. ஊரைத் தேர்ந்தெடுப்பது என்றால் இந்தக் கணக்கைத் தேர்ந்தெடுப்பதுதான்.

சிட்னி: எண்பது நிமிடம்

காலை ஆறே முக்காலுக்கு வெஸ்ட்மீட் அறையை விட்டுக் கிளம்புவேன். ஸ்டேஷனுக்குப் பன்னிரண்டு நிமிட நடை. நகர மையத்தின் சென்ட்ரல் நிலையம் வரை ரயிலில் முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். பாரமட்டா தாண்டினால் உட்கார இடம் கிடையாது. சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாமர்ஸ் தெரு டிராம் நிறுத்தத்துக்கு ஓட வேண்டும். அங்கே ஏற்கெனவே நூறு மாணவர்கள் நிற்பார்கள், எல்லாருடைய முதுகிலும் ஒரே மாதிரிக் கறுப்புப் பை. முதல் டிராமை விட்டு இரண்டாவதில் ஏறினால் வளாகம் வந்து சேர எண்பது நிமிடம். திரும்ப எண்பது. வாரத்தில் நான்கு நாள் என்றால் பத்தரை மணி நேரத்துக்கு மேல். ரயிலில் படிக்கலாமே என்பார்கள். காலையில் நின்றுகொண்டே வருகிறவன் என்ன படிப்பான்? மாலையில் பிளாக்டவுன் போய் விழித்துக்கொண்ட கதை எனக்கு இரண்டு உண்டு.

வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கலாம்தான். கென்சிங்டன், கிங்ஸ்ஃபோர்டு, ரான்ட்விக் பகுதிகளில் சிலர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் ஷேர் ஹவுஸில் ஒரு தனியறைக்கு வாரம் 400 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். இங்கே வாடகை வாரக் கணக்கு என்பதை ஊரில் இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நானூறை மாத வாடகை என்று நினைத்துச் சித்தப்பா மகிழ்ந்துபோனார். அவரைத் திருத்த எனக்கு மனமே வரவில்லை, ஆனாலும் திருத்தினேன். மேற்கே வெஸ்ட்மீடு, வென்ட்வொர்த்வில் பக்கம் போனால் நூறு, நூற்றைம்பது டாலர் குறையும். கூடவே மளிகைக் கடையில் இதயம் நல்லெண்ணெய் கிடைக்கும், மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம், பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்துக்காரரோ கோயம்புத்தூர்க்காரரோ இருப்பார். காய்ச்சலில் கிடந்த வாரம் ரசம் வைத்துக் கொடுத்தவர் அப்படி ஒருவர். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ரசத்துக்கு வாரம் பத்தரை மணி நேரம் ரயில் கட்டணமாகக் கொடுத்தேன்.

காசாகவும் கொடுத்தேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் முழுக் கட்டணம் கட்டிப் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்குப் பயணச் சலுகை கிடையாது. ஓபல் அட்டையில் பெரியவர்களுக்கான கட்டணம்தான். வாரத்துக்கு 50 டாலர் என்ற உச்சவரம்பு ஒன்றே ஆறுதல்.

சிட்னியின் இன்னொரு சிக்கலை ஏஜென்ட் சொல்வதே இல்லை. கென்சிங்டன் பல்கலைக்கழகம் 2019 முதல் வருடத்தை மூன்று பருவங்களாக நடத்துகிறது. ஒரு பருவத்தில் பாடம் நடப்பது பத்து வாரம். வந்து இறங்கி, வீடு தேடி, வங்கிக் கணக்கு திறந்து, வரி எண் வாங்கி மூச்சு விடுவதற்குள் இரண்டு வாரம் போய்விடும். பத்தில் இரண்டு! பதின்மூன்று வாரச் செமஸ்டரில் அது தாங்கும். பத்து வாரப் பருவத்தில் மூன்றாவது வாரமே முதல் அசைன்மென்ட் வந்து நிற்கும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்த சமயத்தில் மாணவர்களின் வேலை நேரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள். ஒரு கிடங்கில் வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம் பெட்டி அடுக்கினேன். கையில் காசு புரண்டது. இரண்டாவது பருவத்தில் ஒரு பாடத்தில் தோற்றேன். அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்கக் கட்டிய தொகை ஆறாயிரம் டாலருக்குப் பக்கம். வருடத்துக்கு ஐம்பதாயிரம் கட்டணம், எட்டுப் பாடம் என்று வகுத்துப் பாருங்கள். ஒரு பாடத்தின் விலை தெரியும். இன்றைய குறைந்தபட்சக் கூலியில் அது ஏறக்குறைய இருநூறு மணி நேர வேலை. கிடங்கில் சம்பாதித்ததை அப்படியே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். படிப்பு ஒரு பருவம் தள்ளிப்போனதும், விசாவை நீட்டிக்க அலைந்ததும் தனி.

இப்போது அந்தத் தளர்வு இல்லை. 2023 ஜூலையிலிருந்து, பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். விடுமுறையில் எவ்வளவும் செய்யலாம். தேசியக் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையிலிருந்து மணிக்கு 24.95 டாலர். மாணவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிரந்தரமில்லாத கேஷுவல் வேலை. அதற்கு இருபத்தைந்து சதவீதம் கூடுதல் சேர்த்தால் முப்பத்தொன்றுக்குச் சற்று மேல். இருபத்து நான்கு மணி நேரமும் வாராவாரம் ஷிஃப்ட் கிடைத்தால், வரி போக 680 டாலர் போல வரும். "கிடைத்தால்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதம் வேலையே கிடைக்காமல் போகலாம். கிடைத்த பிறகும் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ரோஸ்டரில் பெயர் வராத வாரங்கள் நிறைய உண்டு. இந்த வருமானத்தில் சாப்பாடும் வாடகையும் பார்த்துக்கொள்ளலாம். கல்விக் கட்டணத்தையும் சமாளித்துவிடலாம் என்று எவராவது சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சிட்னியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இல்லை. வங்கி, காப்பீடு, பெரிய மென்பொருள் நிறுவனங்கள் என்று கணினி வேலைகள் குவிந்திருப்பது அங்கேயும் மெல்போர்னிலும்தான். ஊரிலேயே நான்கைந்து வருட அனுபவம் உள்ளவர், கையில் இரண்டு வருடச் செலவுக்குப் பணம் வைத்திருப்பவர், வளாகத்துக்கு அருகிலேயே வாடகை கொடுக்கக்கூடியவர், அவர் சிட்னிக்குப் போகட்டும். சித்தப்பா மகன் போன வருடம்தான் கல்லூரி முடித்தவன். கல்விக்கடனில் வருகிறவன்.

அடிலெய்டு: கூட்டம் இல்லை, வேலையும் கொஞ்சம் குறைவு

அடிலெய்டைக் கர்னல் வில்லியம் லைட் 1837-ல் திட்டமிட்டபோது நகரைச் சுற்றிப் பூங்காக்களால் ஒரு வளையம் போட்டுவிட்டார். அந்த வளையத்துக்குள் இருக்கும் ஊரை நாற்பது நிமிடத்தில் நடந்து கடக்கலாம். வளாகம், மருத்துவமனை, நூலகம், ரயில் நிலையம் நான்கும் நார்த் டெரஸ் என்ற ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. நான் இருக்கும் வீட்டிலிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். முழுநேரமாகப் படிக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இங்கே பயணச் சலுகை உண்டு. நகரின் நடுவில் டிராம் இலவசம். சிட்னியில் நான் ரயிலுக்குக் கொடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே கையில் நிற்கும். ஒரு பாடத்தில் தோற்காமல் தப்பிக்க அது போதும்.

வாடகை சிட்னியைவிடக் குறைவு. ஷேர் ஹவுஸில் தனியறை வாரம் 220 முதல் 280 வரை போகிறது. ஆனால் "அடிலெய்டு மலிவான ஊர்" என்ற பழைய பேச்சை நம்பி வராதீர்கள். சில வருடங்களாக இங்கே காலி வீடு கிடைப்பதே அரிது. சனிக்கிழமை ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் பதினைந்து நிமிடம் கதவைத் திறந்து வைப்பார்கள். அதற்கு முப்பது பேர் வாசலில் நிற்பார்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நிற்பது பெண் பார்க்கப் போன வீட்டில் இன்னொரு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருப்பதைப் போல இருக்கும்.

கட்டணத்திலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பட்டியலில் போட்டிருக்கும் தொகை சிட்னியைவிட மிகவும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. கணினிப் படிப்புக்கு வித்தியாசம் பெரிதல்ல. வித்தியாசம் வருவது மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் கட்டணத் தள்ளுபடியில். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா, இரண்டு வருடத்துக்கும் உண்டா, தேர்ச்சி குறைந்தால் நிறுத்திவிடுவார்களா என்று பார்க்க வேண்டும். சித்தப்பா மகனின் கடிதத்தில் அது இருந்தது. அவன் அந்தப் பக்கத்தைப் படமெடுக்கவே இல்லை, கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று. 1874-ல் தொடங்கிய பழைய அடிலெய்டு பல்கலைக்கழகமும் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகமும் இணைந்து, 2026 முதல் ஒரே பல்கலைக்கழகமாக இயங்குகின்றன. கூட்டுக் குடும்பம் ஆனதும் வளாகங்களும் பெருகிவிட்டன. உன் வகுப்பு நார்த் டெரஸிலா, வடக்கே மாசன் லேக்ஸிலா என்று கேட்டுக்கொண்டு வீடு தேடு என்று அவனிடம் சொன்னேன். தெற்கே வீடு எடுத்துவிட்டு வடக்கே போய் வந்தால் அதற்குச் சிட்னியிலேயே இருந்திருக்கலாம்.

அடிலெய்டின் மெய்யான குறை வேலை. படிக்கும்போது செய்யும் பகுதிநேர வேலையைச் சொல்லவில்லை. சூப்பர் மார்க்கெட், முதியோர் இல்லம், உணவகம் எல்லாம் இங்கேயும் உண்டு. படித்து முடித்த பிறகு வரும் வேலையைச் சொல்கிறேன். கணினித் துறையில் இடங்கள் குறைவு. இந்த ஊர் பெருமையாகக் காட்டும் இடங்கள் ஆஸ்போர்ன் கப்பல் கட்டும் தளமும் அதைச் சுற்றிய பாதுகாப்புத் துறை நிறுவனங்களும். அங்கே பெரும்பாலான பணிகளுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்குக் குடியுரிமை வேண்டும். வேலை விளம்பரத்தில் எல்லாத் தகுதியும் பொருந்தி வந்து, கடைசி வரியில் "ஆஸ்திரேலியக் குடிமகனாக இருக்க வேண்டும்" என்று முடியும். அந்த வரியைப் பார்த்துப் பார்த்து, நான் விளம்பரத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகிக்கொண்டேன். மருத்துவமனைகள், மாநில அரசு, கல்வி, சிறு நிறுவனங்கள் ஆகியவைதான் நமக்குத் திறந்த கதவுகள். எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான்.

அர்மிடேல்: யாரும் சொல்லாத ஊர்

சிட்னியிலிருந்து வடக்கே ரயிலில் எட்டு மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். ஏற்காட்டைவிடத் தாழ்வுதானே என்று ஸ்வெட்டர் ஒன்றோடு ஜூலைக் குளிர்காலத்தில் போனேன். காலையில் நண்பரின் காரின் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருந்தது. பழைய நூலக அட்டையால் சுரண்டி எடுத்தார். ஊர் சின்னது. கடைத்தெருவைக் கால் மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். 2018 முதல் இராக்கிலிருந்து வந்த யாசிதி அகதிக் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டிருக்கின்றன. எதிர்பாராத அந்தத் துணையால் வெளிநாட்டு முகம் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பல்கலைக்கழகம் 1938-ல் சிட்னி பல்கலைக்கழகத்தின் கிளைக் கல்லூரியாகத் தொடங்கி, 1954-ல் தனியானது. தபால் வழிக் கல்வியில் நாட்டுக்கே முன்னோடி. அதன் விளைவு இன்றும் இருக்கிறது: மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் இணையவழியில் படிப்பவர்கள். விசாவில் வந்தவர் வகுப்புக்கு நேரில் போயாக வேண்டும். போனால் அறையில் ஐந்தாறு பேர்தான் இருக்கலாம். ஆசிரியர் பெயர் சொல்லி அழைப்பார், சந்தேகம் கேட்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கூடப் படிப்பவர்களோடு டீ குடித்துக்கொண்டே வேலைத் தகவல் பிடிக்கும் வாய்ப்பும் அதே அளவுக்குக் குறைவு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அந்த அமைதி முதல் மாதம் சுகமாக இருக்கும். நான்காவது மாதம் சுவரோடு பேச வைக்கும்.

கட்டணம் மூன்றிலும் இங்கேதான் கண்கூடாகக் குறைவு. வருடத்துக்குப் பத்து, பதினைந்தாயிரம் டாலர் மிச்சமாகலாம். தங்குவதற்கு வளாகத்திலேயே ராப், ஆஸ்டின், டுவால் என்று பழைய விடுதிக் கல்லூரிகள் இருக்கின்றன. வெளியே அறை எடுத்தால் வாரம் இருநூறுக்குள் முடியும். ஆனால் மிளகாய்த் தூளிலிருந்து பச்சரிசி வரை வேண்டியதெல்லாம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நண்பர் சிட்னி போகும்போதெல்லாம் காரின் டிக்கியை நிரப்பிக்கொண்டு வருகிறார். காரில்லாமல் அங்கே வாழ்வது கடினம். அடுத்த பெரிய ஊரான டாம்வொர்த் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

வேளாண்மை படித்தவராக இருந்தால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். கால்நடை, கம்பளி, மண், மேய்ச்சல் நிலம் என்று படிக்க அர்மிடேல்தான் இடம்; சிட்னியின் பெயருக்காக அதை விடுவது மடமை. கணினிக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

விசாக் கணக்கு

ஏஜென்ட் அடிலெய்டைச் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும், கமிஷன் போக. படிப்பு முடித்தபின் தங்கி வேலை செய்யும் 485 விசா, முதுநிலை முடித்தவருக்குப் பொதுவாக இரண்டு வருடம். இந்தியக் குடிமக்களுக்கு வணிக ஒப்பந்தத்தின்படி மூன்று. 2024 ஜூலையிலிருந்து பெரும்பாலோருக்கு வயது வரம்பு 35. பிராந்தியப் பகுதி என்று அரசு வகுத்த ஊரில் படித்து, அங்கேயே தங்கியிருந்தவருக்கு இரண்டாவது முறையும் 485 கிடைக்க வழியுண்டு. அடிலெய்டு, பெர்த், கான்பெரா, ஹோபார்ட் போன்ற ஊர்களுக்கு அது ஒரு வருடம். அர்மிடேல் போன்ற ஊர்களுக்கு இரண்டு வருடம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேனுக்கு இல்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான புள்ளிக் கணக்கிலும், பிராந்தியத்தில் இரண்டு கல்வியாண்டு படித்து வாழ்ந்தவருக்கு ஐந்து புள்ளி கூடுதல்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிராந்தியப் பல்கலைக்கழகங்கள் பல சிட்னியிலும் மெல்போர்னிலும் கிளை வளாகம் நடத்துகின்றன. கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயரை அரசு பார்ப்பதில்லை. நீங்கள் எந்த ஊரில் வகுப்புக்குப் போனீர்கள், எங்கே குடியிருந்தீர்கள் என்றுதான் பார்க்கும். கடிதத்தில் வளாகத்தின் முகவரியை விரல் வைத்துப் படியுங்கள்.

விசாவுக்காகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதும் எனக்கு ஒப்பவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்தபின் வேலை நேரம் மாறியது, வயது வரம்பு மாறியது. மாணவர் விசாவுக்கான விண்ணப்பக் கட்டணம் 710 டாலரில் இருந்தது, 1600 ஆகி, 2025 ஜூலையில் 2000 ஆனது. வங்கியில் காட்ட வேண்டிய ஒரு வருட வாழ்க்கைச் செலவு 29,710 டாலர். இரண்டு வருடம் கழித்து அவன் படித்து முடிக்கும்போது என்ன விதி இருக்கும் என்று எந்த ஏஜென்ட் எழுதிக் கொடுப்பார்? பிராந்தியச் சலுகையைத் தாம்பூலப் பையில் வரும் தேங்காய் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது.

வந்தபின் பல்கலைக்கழகத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியும் முன் மாற வேண்டுமென்றால் முதல் பல்கலைக்கழகம் விடுவிக்க வேண்டும். அவ்வளவு எளிதில் விடுவிக்க மாட்டார்கள். முன்பணம் கட்டும் நாளே முடிவெடுக்கும் நாள்.

எங்கே தங்குவது

ஊரை முடிவு செய்தபின் வரும் கேள்வி இது. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கும் ஹோம்ஸ்டே முதல் நான்கு வாரத்துக்கு நல்லது. இரவுச் சாப்பாடு ஆறரை மணிக்கு முடிந்துவிடும், பழகிக்கொள்ளலாம். மாணவர்களுக்கென்று கட்டிய அடுக்குமாடி விடுதிகளில் பாதுகாப்பும் இணையமும் மின்சாரமும் வாடகையிலேயே அடக்கம். சமையலறையின் புகை உணர்கருவி மட்டும் தாளிப்பை மன்னிக்காது. கடுகு வெடித்து, மணி அலறி, நூறு பேர் இரவு உடையில் தெருவில் நிற்க, தீயணைப்பு வண்டிக்கான கட்டணம் தாளித்தவர் தலையில் விழும்.

பெரும்பாலோர் கடைசியில் வந்து சேர்வது ஷேர் ஹவுஸில்தான். நான்கு பேர், ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஆளுக்கொரு தட்டு, பால் குப்பியில் ஒட்டிய பெயர். நான் ஏமாந்ததும் அங்கேதான். முதல் வீட்டில் நான்கு வார வாடகையைப் பாண்ட், அதாவது அட்வான்ஸ், என்று ரொக்கமாகக் கேட்டார்கள், ரசீதில்லாமல் கொடுத்தேன். காலி செய்தபோது கம்பளம் கறையானதாகச் சொல்லி முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கறை நான் போகும் முன்பே இருந்தது. காட்ட ஒரு படமும் என்னிடம் இல்லை. எந்த மாநிலமானாலும் பாண்டை வாங்கி வைத்துக்கொள்ள அரசு அமைப்பு இருக்கிறது. பணம் அங்கே போகிறது என்பதற்குச் சான்று கேளுங்கள், நுழைந்த அன்றே சுவர், கம்பளம், அடுப்பு எல்லாவற்றையும் படமெடுங்கள், வீட்டை நேரிலோ நம்பகமான ஆள் மூலமோ பார்க்காமல் ஊரிலிருந்து பணம் அனுப்பாதீர்கள்.

குளிர்பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலிய வீடுகள் வெயிலுக்குக் கட்டியவை. ஜூலையில் வெளியைவிட உள்ளே குளிரும். அடிலெய்டில் என் முதல் குளிர்காலத்தில் ஹீட்டரை நம்பி, வந்த மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளே மின்போர்வை வாங்கினேன். கட்டாய மருத்துவக் காப்பீடு பல் வைத்தியத்துக்கு உதவாது. கிளம்பும் முன் சொத்தைப் பல்லை ஊரிலேயே அடைத்துக்கொண்டு வருவது பெரிய சேமிப்பு.

சித்தப்பா மகனுக்கு நான் சொன்னது அடிலெய்டு. தள்ளுபடி இரண்டு வருடமும் தொடரும் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு. அது வராவிட்டால் அர்மிடேல், முகவரி அர்மிடேல்தான் என்று உறுதி செய்துகொண்டு. படிப்பு முடிந்து வேலை தேடும்போது சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் விண்ணப்பிக்க யாரும் தடுக்கப்போவதில்லை. பட்டம் கையில் இருக்கும், ஒரு பாடம்கூட விட்டுப்போகாமல். பிராந்தியச் சலுகை வேண்டுமென்றால்தான் இங்கேயே தங்க வேண்டும். சித்தப்பா ஃபோனை வாங்கி, "நீ சிட்னியில்தானே படித்தாய்?" என்றார். "அதனால்தான் சொல்கிறேன் சித்தப்பா" என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. சம்மதமா, கோபமா என்று இதுவரை தெரியவில்லை.

டிக்கெட்டை மட்டும் ஜனவரி கடைசிக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வகுப்பு தொடங்குவதை ஒட்டி வந்தால் பிப்ரவரி பாதிக்கு மேல் இங்கே ஃப்ரிஞ்ச் கலைத் திருவிழா தொடங்கிவிடும். ஊர் முழுக்கக் கூட்டம், நாள் வாடகை அறைகள் எல்லாம் விலை ஏறி நிரம்பிவிடும், அந்த நேரத்தில் வந்து இறங்குகிற மாணவன் பையோடு அலைவான். ஜனவரியில் நாற்பது டிகிரி அடிக்கும். பாளையங்கோட்டைக்காரன், அதைத் தாங்கிக்கொள்வான்.